சாளரம் பெரிதாயிற்று, படி தாழவில்லை

(ஹட்டனில் மலைநாட்டுப் புகையிரதப் பிரயாணிகளும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஏட்டிலே நாம் புகையிரதம் என்று எழுதுகிறோம். லயத்துப் பிள்ளைக்கு அது கோச்சிதான். கொழுந்து மலையில் நின்ற நம் பாட்டிமார் கடிகாரம் பார்த்தவர்களல்லர். கீழே வளைவிற் கோச்சி ஊதியதும், இத்தனை மணி ஆயிற்று என்று அறிந்துகொண்டார்கள். இன்று அந்த ஊதலை நம்பி உலை வைப்பார் இம்மலையில் ஒருவரும் இலர்.

புதிய வண்டிகள் வந்திருக்கின்றன. 2012ஆம் ஆண்டளவில் ‘எஸ் 12’ என்ற தொடரும், 2019ஆம் ஆண்டின் பின்னர் ‘எஸ் 14’ என்ற தொடரும் சீனத்திலிருந்து கப்பலேறி வந்து மலைநாட்டுப் பாதையில் ஓடத் தொடங்கின. சாளரங்கள் அகன்றவை, ஆசனங்கள் மெத்தென்றவை, நிறமும் கண்ணுக்கு இனியது. நாம் புதுமையின் பகைவரல்லர். 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் என்ஜின்கள் வந்தபோது, கரிப்புகை கண்ணில் விழாமற் பிரயாணம் செய்யலாமென்று மகிழ்ந்த மக்கள் நாம். 1956இல் ‘உடரட்ட மெனிக்கே’ முதன்முதலாக ஓடியபோது அதை வேடிக்கை பார்க்க மேட்டில் ஏறி நின்ற மக்களும் நாமே. ஆகவே, புதிய வண்டி ஏன் வந்தது என்று கேட்க நாம் இங்கே கூடவில்லை. அந்த வண்டி யாரைக் கருத்திற் கொண்டு வாங்கப்பட்டது என்று கேட்கவே கூடியிருக்கிறோம்.

இக்கேள்வி புதிதுமன்று. இந்த இருப்புப் பாதையின் வரலாறு முழுவதிலும் இதே கேள்வி விடை பெறாமற் கிடக்கிறது. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இற் பாதை வந்தது, கோப்பியைக் கீழே கொண்டுபோக. இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலையில் நோய் கண்டது. பாதை ஹட்டனை அடைந்த 1884ஆம் ஆண்டிலே கோப்பி மடிந்து தேயிலை தளிர்த்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு நானுஓயா, 1894இற் பண்டாரவளை, 1924இற் பதுளை. மேலே அரிசி மூட்டை ஏறிற்று, கீழே தேயிலைப் பெட்டி இறங்கிற்று. மலையைக் குடைந்தவர்களுள்ளும் மண்ணைச் சுமந்தவர்களுள்ளும் நம் முன்னோர் இருந்தனர். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கத்தின் இருளுக்குள் நுழையும்போதெல்லாம், இந்தக் கருங்கல்லை எத்தனை கைகள் உடைத்திருக்கும் என்று நாம் எண்ணாமலிருக்க முடிவதில்லை. ஆயினும் அந்தக் கைகளுக்காக இப்பாதை போடப்படவில்லை, சரக்குக்காகவே போடப்பட்டது. ஆட்கள் சரக்கோடு சரக்காக ஏறிக்கொண்டார்கள்.

ஒரு முறை மாத்திரம் நமக்கென்றே வண்டிகள் ஓடின. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கென்று எண்ணி ஒதுக்கப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு அவை தலைமன்னாருக்குச் சென்றன. அவற்றுக்கு நம் மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. அதைப் பற்றி இவ்விடத்தில் அதிகம் பேசத் தேவையில்லை. ஹட்டன் மேடையில் அன்று அழுதவர்களின் பிள்ளைகள் இக்கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

இன்றோ தேயிலைப் பெட்டி லொறிக்குப் போய்விட்டது. அதன் இடத்திலே உல்லாசப் பிரயாணி வந்து அமர்ந்திருக்கிறார். அவர் வரட்டும், நாட்டுக்கு அந்நியச் செலாவணி வரட்டும். ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரைச் சுற்றையும் உலகமே வந்து பார்க்கட்டும். ஆனால் அன்று சரக்குக்குப் பின்னே நின்ற நாம், இன்று காட்சிக்குப் பின்னே நிற்கிறோம். வரிசையில் நம் இடம் மட்டும் மாறவில்லை.

படியின் உயரம்

முதலில் ஏறுவதைப் பற்றிப் பேசுவோம். ஏற முடியாதவனுக்கு உள்ளே மெத்தை இருந்தென்ன, மின்விசிறி இருந்தென்ன?

வட்டகொடையிலோ ரதல்லையிலோ கலபொடையிலோ ஒரு காலை நேரத்தை எண்ணிப் பாருங்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கூடை சுமந்து முழங்கால் தேய்ந்த ஒரு தாய், கண்டி வைத்தியசாலைக்குச் செல்லக் காத்து நிற்கிறாள். கையிலே வைத்தியத் துண்டு, மடியிலே மருந்துப் பொட்டலம், பக்கத்திலே துணைக்கு வந்த பேரப்பிள்ளை. வண்டி வருகிறது. மேடை தாழ்வாக இருக்கிறது; வண்டியின் தளமோ அவள் இடுப்பளவில் நிற்கிறது. மேடை வளைவில் அமைந்திருந்தால் நடுவே ஓர் இடைவெளி வேறு. சிறு நிலையங்களில் மேடை முடிந்த பின்னும் வண்டி நீண்டுகொண்டே போகும். கடைசிப் பெட்டிகள் கருங்கற் சல்லிமீது நிற்கும். அங்கிருந்து ஏறுவதென்றால் மரமேறப் பழகியிருக்க வேண்டும்! வண்டி நிற்பது ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ. உள்ளே இருப்பவர் இருவர் கையைப் பிடித்து இழுக்க, கீழே நிற்பவர் இருவர் தள்ள, அந்தத் தாய் ஒரு மூட்டையைப் போல ஏற்றப்படுகிறாள். நூறாண்டுக்கு முன் அரிசி மூட்டை ஏறியதும் இப்படித்தான்.

இவளாவது ஏறிவிட்டாள். சக்கர நாற்காலியில் இருப்பவர்? பார்வையில்லாதவர்? தொழிற்சாலை இயந்திரத்தில் ஒரு காலை இழந்தவர்? அவர்கள் பிரயாணமே செய்வதில்லை. பிரயாணம் செய்யாததனால் அவர்களைப் பற்றி முறைப்பாடும் எழுவதில்லை. முறைப்பாடு இல்லாததனால் குறையே இல்லையென்று அலுவலகக் கோவைகள் நினைத்துக்கொள்கின்றன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வண்டியின் தளமும் மேடையின் மட்டமும் ஒன்றுக்கொன்று ஏற்றவையாக இருந்தாலன்றி எத்தனை கோடி கொடுத்து வண்டி வாங்கினாலும் குறை தீராது. வண்டி வாங்குவது ஒரு கோவை, மேடை கட்டுவது இன்னொரு கோவை என்று அரசாங்கம் வைத்திருக்கலாம். ஏறுகிறவனுக்கு இரண்டும் ஒன்றே. மேடையை உயர்த்த வழி உண்டு. அதற்குப் பணமில்லையெனின், நிலையத்துக்கு ஒன்றாக மடித்து வைக்கக்கூடிய சாய்பலகை செய்து வைக்கலாம். ஒரு தச்சரும் ஒரு கொல்லரும் சேர்ந்து இரண்டு நாளில் முடிக்கக்கூடிய வேலை அது. வெளிநாட்டுக் கடன் வேண்டாம், நிபுணர் குழு வேண்டாம், அடிக்கல் நாட்டு விழா வேண்டாம். ஒருவேளை விழா எடுக்க முடியாததனால்தான் அது இன்னும் நடைபெறவில்லையோ என்னவோ!

சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களை அவர்கள் அணுகத்தக்கவையாக ஆக்குமாறு பணித்த ஒழுங்குவிதிகள் 2006இல் வெளிவந்தன. அவை வைத்த காலக்கெடு எப்போதோ கடந்துவிட்டது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. இங்கே அமர்ந்திருக்கும் சட்டத்தரணிகள் இவற்றை நம்மினும் நன்கறிவர். புகையிரத நிலையம் பொதுக் கட்டடமன்று என்று வாதிட இந்நாட்டில் எந்தச் சட்டத்தரணியும் முன்வரமாட்டார் என்றே நம்புகிறோம்.

இரு தீவுகள்

தலைநகருக்கு ஓர் இலகு புகையிரதம் வாக்களிக்கப்பட்டது நினைவிருக்கலாம். மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரை, ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தூரம், தூண்களின்மேல் ஓடுவதாக இருந்தது. ஜப்பான் கடன் தர இசைந்து 2019இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 2020 செப்டெம்பரில் அன்றைய அரசாங்கம் அதனைக் கைவிட்டது. அதன் சரிபிழையை விரித்துரைக்க இது இடமன்று. ஒன்றை மட்டும் சொல்லி வைப்போம். இலகு புகையிரதம் என்பது நமக்கு அந்நியமான பொருளன்று. இரண்டரையடி அகலக் குறுகிய பாதையில், நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை சிறு வண்டிகள் இந்த மலைகளில் ஓடின. 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்ட அப்பாதை 1948இல் முற்றாக மூடப்பட்டது. அதனால் இன்றும் நுவரெலியாவுக்குப் புகையிரதத்தில் வருபவர் நானுஓயாவில் இறங்கிப் பஸ்ஸையோ முச்சக்கர வண்டியையோ நாட வேண்டியிருக்கிறது. மூடிய ஆண்டைக் கவனித்தீர்களா? நம் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டமும் அதே 1948இல் வந்ததுதான். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆயினும் அந்த ஆண்டு நமக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை.

இன்னொரு தீவைப் பாருங்கள். மொரீஷியஸ் நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களுள் தமிழரும் உண்டு. நம்மைப் போன்றே சென்றவர்கள். அங்கேயும் கரும்பு சுமக்க வெள்ளையர் இருப்புப் பாதை போட்டனர். அங்கேயும் அது நட்டமென்று 1964இற் கைவிடப்பட்டது. ஆனால் அந்த நாடு, இந்திய அரசின் உதவியுடன், புதிய இலகு புகையிரதத்தை அமைத்து 2020இல் போர்ட் லூயிஸ் நகரிலிருந்து ரோஸ் ஹில் வரை பொதுமக்களுக்குத் திறந்தது. 2022இல் அது கியூர்பீப் நகரை எட்டிற்று. அவ்வண்டியின் தளம் தாழ்ந்தது. மேடையும் தளமும் ஒரே மட்டம். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் தாயும் சக்கர நாற்காலியில் வரும் முதியவரும் ஒரே வாயிலால் உட்செல்கின்றனர். கூலிகளின் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே இயன்றது இங்கே ஏன் இயலாது?

நம் பாதை செங்குத்தானது, அவர்களுடையது சமதரை என்று பொறியியலாளர் மறுமொழி கூறுவர். ஓரளவு உண்மைதான். நாற்பத்து நான்கடிக்கு ஓரடி ஏறும் பாதை நம்முடையது. பட்டிப்பொலையில் ஆறாயிரம் அடிக்கு மேலே போகிறது. வளைவுகளும் மிக நெருக்கமானவை. ஆனால் மலை செங்குத்தாக இருப்பதற்கும் மேடை தாழ்வாக இருப்பதற்கும் என்ன சம்பந்தம்?

வருமா, வராதா?

ஏறுவது ஒரு துன்பமெனின், வண்டி வருமா வராதா என்று அறியாமல் நிற்பது அதனினும் பெருந்துன்பம். நம்முடையது ஒற்றைப் பாதை. ரம்புக்கனைக்கு மேலே பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தில் மேலே போவதும் கீழே வருவதும் நிகழ வேண்டும். ஒரு வண்டி பிந்தினால் எதிர்வண்டி நிலையத்திலே காத்துக் கிடக்கும். அது பிந்த, அதன் பின்னே வருவதும் பிந்தும். நாவலப்பிட்டியில் விழுந்த தாமதம் நானுஓயாவை அடையும்போது வளர்ந்து நிற்கும். இத்துடன் புதிய தொடர்வண்டிகளுக்கே உரிய ஒரு குறையும் உண்டு. பழைய முறையில் என்ஜின் பழுதானால் வேறோர் என்ஜினைக் கொணர்ந்து பூட்டிப் பெட்டிகளை இழுத்துச் செல்லலாம். புதியதிலோ இயந்திரமும் பெட்டியும் ஒரே தொகுதி. இயந்திரம் நோயுற்றால் தொகுதி முழுவதும் கொட்டகைக்குப் போகும். உதிரிப்பாகமும் கடல் கடந்து வர வேண்டும். 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றபோது, அந்நியச் செலாவணியை நம்பி ஓடும் எந்த இயந்திரமும் எவ்வளவு நொய்மையானது என்பதை யாவரும் கண்டோம். ஆகவே, வண்டி வாங்கும்போதே உதிரிப்பாகத்தையும் பழுது பார்க்கும் பயிற்சியையும் சேர்த்து வாங்க வேண்டும். மாட்டை வாங்கிவிட்டு வைக்கோலுக்குப் பக்கத்து வீட்டை நம்பலாமா?

பின்பு 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைநாடே மிகுதியாக அடிபட்டது. மண் சரிந்து லயங்கள் புதைந்தன. இருப்புப் பாதை பல இடங்களில் அறுந்தது. பல வாரங்களாகக் கொழும்பிலிருந்து ஹட்டனுக்குக் கோச்சி வரவில்லை. இயற்கையின் சீற்றத்துக்கு எந்தத் திணைக்களத்தையும் குறை கூறோம். அந்நாட்களில் மண்ணை அகற்றிய தொழிலாளர்க்கு நன்றி கூறவும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் கரையோரக் கான்கள் அடைபட்டுக் கிடந்தால், சரிவிலே காடழிந்தால், சாதாரண மழைக்கே மண் இறங்கும் என்பதைப் புயலுக்கு முன்பே நம் கங்காணிமார் சொல்லியிருப்பர். மலையிற் கான் வெட்டத் தெரிந்தவர்கள் நாம்தாமே!

தாமதத்தின் விலையைக் கொழும்பு அலுவலகம் நிமிடத்தில் அளக்கும். நாம் நாட்சம்பளத்தில் அளக்கிறோம். காலை வண்டி மூன்று மணி பிந்தினால், வைத்தியசாலைச் சிகிச்சைப் பிரிவு அன்று மூடிவிடும். மறுபடியும் ஒரு நாட்சம்பளத்தை இழந்து மறுபடியும் வர வேண்டும். பேராதனைக்குப் பரீட்சைக்குச் செல்லும் மாணவி முதல் நாளே சென்று யாரோ ஒருவர் வீட்டிலே தங்க வேண்டும். தங்க வீடில்லாதவள் என்ன செய்வாள்? வெலிமடையிலும் நுவரெலியாவிலும் லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் நண்பர்களின் கதையும் இதுவே. நேரத்துக்கு வரும் சரக்குப் பெட்டி ஒன்றிருந்தால் லொறிக் கூலியிற் பாதி மிஞ்சும் என்று அவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். வராத பெட்டியை நம்பி யார் கரட்டைப் பிடுங்குவார்?

பிந்துவது கிடக்கட்டும், பிந்துகிறது என்ற செய்தியாவது நம் மொழியில் வரவேண்டாமா? 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. நுவரெலியா மாவட்டத்திலே தமிழ் பேசுவோர் எத்தனை பேர் என்பதை எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒலிபெருக்கி முதலில் ஒரு மொழியிலும் பின்னர் இன்னொரு மொழியிலும் பேசி ஓய்ந்தபின், பக்கத்தில் நிற்பவரிடம் “என்ன சொன்னான்?” என்று கேட்கும் நிலை இன்னும் பல மேடைகளில் உண்டு. பார்வையற்றவனுக்கு அறிவிப்பே கண். அவனுக்குப் புரியாத மொழியில் அறிவித்தால் கண்ணை இரண்டாம் முறை பறித்ததாகும்.

ஆசனப் பதிவின் கதை வேறு. முப்பது நாட்களுக்கு முன்னே கணினி வழியாகப் பதிவு திறக்கிறது. எல்லவுக்குச் செல்லும் வண்டியின் சீட்டுக்கள் 42 வினாடிகளில் விற்றுத் தீர்ந்தன என்று 2025இன் தொடக்கத்தில் அரசாங்கத் தரப்பே கூறிற்று. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையும் நடத்திற்று. நாற்பத்திரண்டு வினாடியில் நம் தோட்டத்துப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்திருக்கவும் மாட்டார்! கள்ளச் சந்தையைப் பிடிப்பது பொலிஸாரின் வேலை. நாம் கேட்பது வேறு. மலைநாட்டு வண்டி ஒவ்வொன்றிலும் பதிவில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் போதிய அளவு இருத்தல் வேண்டும். காட்சிப் பெட்டி ஒன்று கூடும்போது மக்கள் பெட்டி ஒன்று குறையக்கூடாது. நின்றுகொண்டே கொழும்பு வரை செல்லும் கர்ப்பிணிக்குப் பக்கத்துப் பெட்டியின் வெற்று ஆசனத்தைக் காட்டுவது போன்ற கொடுமை வேறில்லை.

திணைக்களம் நட்டத்தில் ஓடுகிறது, உல்லாசப் பிரயாணிதான் வருமானம் தருகிறார் என்று சொல்லப்படுகிறது. சாய்பலகை வைத்தால் அந்த முதிய வெள்ளைக்காரருக்கும் அது உதவாதா? நேரத்துக்கு வண்டி வந்தால் அவர் மட்டும் வேண்டாமென்பாரா? அவருக்கும் நமக்கும் இவ்விடயத்திற் பகையே இல்லை.

இதுவரை பிறரைக் குறை கூறினோம். நம்மையும் சற்றுக் கூறிக்கொள்ள வேண்டும். நம்மிற் படித்து உத்தியோகம் பெற்றவர்கள் காரும் வானும் வாங்கிய நாளிலிருந்து கோச்சியை மறந்துபோனார்கள். நாமும் அதற்கு விலக்கல்ல. தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்குப் போராடின, அது நியாயம். ஆனால் அச்சம்பளத்திற் பெரும்பங்கு பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் போவதை எந்தக் கோரிக்கைப் பட்டியலிலும் நாம் காணவில்லை. ஆசிரியர் எழுதித் தந்தால், சட்டத்தரணி விதியை எடுத்துக்காட்டினால், வைத்தியர் எத்தனை நோயாளர் தவணை தப்பினர் என்று குறிப்பு வைத்தால், விவசாயி எத்தனை மூட்டை அழுகியது என்று கணக்கு வைத்தால், அந்தக் கோவையைத் தட்டிக் கழிப்பது எளிதன்று. வெறும் கூச்சலைக் கழித்துவிடலாம். திகதியும் நேரமும் தொகையும் எழுதிய தாளைக் கழிப்பது கடினம்.

ஆகவே ஒரு மனு எழுதப்பட்டிருக்கிறது. நாவலப்பிட்டியிலிருந்து பட்டிப்பொல வரை ஒவ்வொரு நிலையத்திலும் மேடையின் உயரத்தை அளந்து வெளியிடுமாறும், உயர்த்தும் வரை சாய்பலகை வைக்குமாறும், எல்லா அறிவிப்பும் தமிழிலும் செய்யுமாறும், பதிவில்லாப் பெட்டிகளின் எண்ணிக்கையை நேர அட்டவணையிலேயே அச்சிடுமாறும் அதிற் கேட்டிருக்கிறோம். சரக்குப் பெட்டியைப் பற்றி விவசாய நண்பர்கள் தனித்தாளில் எழுதித் தருவதாகச் சொன்னார்கள்; அது கிடைத்ததும் சேர்த்துக்கொள்வோம். மனுவோடு ஒரு கொப்பியும் நிலையத்துக்கு ஒன்றாகக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். அடுத்த மூன்று மாதம், வண்டி வர வேண்டிய நேரத்தையும் வந்த நேரத்தையும் அதிற் குறிக்க ஒவ்வோர் ஊரிலும் இருவர் வேண்டும். தலவாக்கலைக்கும் வட்டவளைக்கும் ஆள் கிடைத்துவிட்டார்கள். ரொசல்லைக்கும் கிரேட் வெஸ்டனுக்கும் இன்னும் கிடைக்கவில்லை. அப்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் நம்மைச் சந்திக்க வேண்டுகிறோம்.

மேசை வாயிலருகே இருக்கிறது. மாலை வண்டியிற் போக வேண்டியவர்கள் முதலில் ஒப்பமிடட்டும். வண்டி நேரத்துக்கு வந்தாலும் வரலாம்.